ஐந்தாம் ஷட்டருக்குக் கீழே

ரொம்ப காலத்துக்கு முன்பெல்லாம் இல்லை, கம்ப்யூட்டர் வந்த பிறகுதான். மலையடிவாரத்தில் ஓர் அணை இருந்தது. அதிலிருந்த பொருள்களெல்லாம் மனிதர் காதில் விழாதபடி தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

அணைக்கு ஒன்பது ஷட்டர்கள். அவற்றை வேலாண்டி என்ற ஊழியர்தான் சுவிட்சைப் போட்டுத் தூக்கிவந்தார். ஓர் ஆவணியில் அந்த வேலையைப் பார்க்க ஒரு நிரல் வந்து சேர்ந்தது. நிரல் என்றால் கம்ப்யூட்டருக்குள் எழுதிவைத்த கட்டளைகள். கையில் பிடிக்க முடியாத ஆசாமி.

வந்த அன்றே அது அணையை அசத்திவிட்டது. மலை உச்சியில் பெய்யும் மழையைச் சொன்னது. அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்றும் சொன்னது. கல்சுவர் வாயைப் பிளந்தது. சுவர் நிஜமாகவே வாயைப் பிளந்தால் ஊர் தாங்காது, அதனால் மனசுக்குள் மட்டும்.

"அறுபது வருசமா இந்தத் தண்ணிய முதுகுல தாங்குறேன். எங்கேருந்து வருதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. நீ எத்தனை டன்னுப்பா?"

"எனக்கு எடையே கிடையாது" என்றது நிரல்.

"எடையே இல்லாமலா இவ்வளவு வேலை!" சுவருக்கு மெய்சிலிர்த்தது.

பக்கத்தில் ஓடிய மின்கம்பி மட்டும் குறுக்கே கேட்டது. "அதெல்லாம் சரி, உனக்காகக் கீழே யாரு நிக்கப்போறாங்க?"

அது அந்த அணையின் வழக்கம். புதிதாக எதை வைத்தாலும் வேலையில் இறக்குமுன் நான்காம் ஷட்டரைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர், மூடியிருக்கும் ஐந்தாம் ஷட்டருக்கு நேர் கீழே, ஆற்றுக்குள் இருக்கும் மேடையில் நிற்க வேண்டும். பாய்கிற தண்ணீருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தடுப்புச்சுவர்தான்.

"என்னைக் கட்டின என்ஜினியர் அரைமணி நேரம் கைகட்டி நின்னாரு" என்றது சுவர்.

"என்னைப் பொருத்தினவரோட லைசென்ஸ் நம்பர் என் பெட்டி மேலயே இருக்கு. நான் தப்புப் பண்ணினா அது பறிபோயிடும். அவரும் நின்னாரு" என்றது மின்கம்பி.

நிரல் சிரித்தது. "என்னை எழுதுறவங்களுக்கு லைசென்சே கிடையாது. யாரும் கேட்டதுமில்ல. ஒரு காகிதத்தால மூளை வந்துடுமா? காலேஜ் பக்கமே போகாதவங்ககூட என்னைப் பிரமாதமா எழுதியிருக்காங்க. தப்பு வந்தா மறுநாள் ஒரு அப்டேட். அவ்வளவுதான்."

"தண்ணிக்கு அப்டேட் தெரியாதே" என்றது சுவர்.

சோதனை நாள் வந்தது. அணை நிரம்பி நின்றது. செயற்பொறியாளர் தில்லைநாயகம் படிவத்தோடு வந்தார். கல்வேலை, இரும்புவேலை, மின்வேலை என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர், உரிம எண், கையெழுத்து. மென்பொருள் என்ற வரிக்கு எதிரே மட்டும் 'பொருந்தாது' என்று டைப் செய்திருந்தது.

"அப்ப கீழே யாரும் நிக்க வேண்டாமா சார்?" என்று கேட்டார் வேலாண்டி.

"யாரை நிக்கச் சொல்றது? இதுக்குப் பொறுப்பாளர்னு சட்டப்படி யாரும் இல்லையே."

நிரலை எழுதிய சகாயமேரி மடிக்கணினியோடு பக்கத்தில் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். "எழுதினது நான்தானே சார். நான் நிக்கிறேன். ஆபீஸ்ல மூணு தடவை டெஸ்ட் பண்ணினோம், ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு இரும்பு ஏணியில் இறங்கத் தொடங்கினார்.

பத்துப் படி இறங்கியிருப்பார். கீழே மேடை தெரிந்தது. அதைத் தாண்டி ஆற்றங்கரையில் நாற்பது வீடுகள். யாரோ துவைத்த சேலைகளைப் பாறையில் காயப்போட்டிருந்தார்கள். சகாயமேரி நின்றார். பிறகு மேலே ஏறி வந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க சார்."

நிரலுக்கு வியப்பாக இருந்தது. அந்த வரிகளை அவர் நூறு தடவையாவது பார்த்திருப்பார். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அண்ணே, முதல் ஷட்டர்ல என்ன நம்பர் பெயின்ட் அடிச்சிருக்கு?"

"ஒண்ணுதாம்மா. வேற என்னத்த அடிப்பாங்க?" என்றார் வேலாண்டி.

"எங்க பழக்கத்துல எண்ணிக்கை பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கும். முதல் ஷட்டர் பூஜ்யம், ரெண்டாவது ஒண்ணு. ஆபீஸ்ல ஸ்கிரீன்ல இருந்த ஷட்டருக்கும் நானே அப்படித்தான் நம்பர் போட்டேன். அதான் எல்லாம் சரியா வந்துச்சு." அவர் ஐந்தாம் ஷட்டரைக் காட்டினார். "இங்க நாலைத் திறன்னு சொன்னா, அஞ்சு திறந்திருக்கும்."

வேலாண்டி மேடையை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் மாலைவரை நீண்டது. சகாயமேரி பிழையைத் திருத்தினார். பிறகு ஷட்டர்களைத் தூக்கும் ஒன்பது மோட்டார்களையும் அவற்றோடு இணைக்காமல் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். வேலாண்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்று நம்பரைக் கத்திச் சொன்னார்.

"அதான் சரிபண்ணிட்டீங்களே. நிக்க வேண்டாம்மா" என்றார் தில்லைநாயகம்.

"இப்பதான் சார் நிக்கணும்."

படிவத்தில் 'பொருந்தாது' என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். உரிம எண் கட்டம் வெறுமையாக இருந்தது. "இதை மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்க சார். எங்களுக்கும் ஒரு நம்பர் வேணும், தப்புப் பண்ணினா பறிக்கிற மாதிரி."

சங்கு ஊதியது. நிரல் கணக்குப் போட்டு நான்காம் ஷட்டரைத் தூக்கியது.

அப்பப்பா, அந்தத் தண்ணீர்! மலையில் பெய்த மழை முழுவதும் ஒரே வாசல் வழியாக வெளியே பாய்ந்தது. பாறைகள் அதிர்ந்தன. சாரல் எழும்பி அணையின் உச்சிவரை வந்தது. இத்தனை நாளும் வெறும் எண்ணாக மட்டுமே தண்ணீரை அறிந்திருந்த நிரல், கேமரா வழியே அதை அப்போதுதான் பார்த்தது. அதன் ஓரமாக, ஐந்தாம் ஷட்டருக்கு நேர் கீழே, தலைமுதல் கால்வரை நனைந்தபடி சகாயமேரி கைகட்டி நின்றார்.

நிரல் பயந்தது. பிறந்ததிலிருந்து அது பயந்ததே இல்லை. ஐந்தாம் ஷட்டர் மூடியிருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று நொடிக்கு ஆயிரம் தடவை பார்த்துக்கொண்டே இருந்தது.

"இப்ப சொல்லு" என்றது கல்சுவர், மெதுவாக. "நீ எத்தனை டன்னு?"

"கீழே நிக்கிறாங்களே, அவங்க எடை எவ்வளவோ அவ்வளவு" என்றது நிரல்.