கழுதைப்புலியின் வண்டிப் பட்டறை

ஒரு காட்டில், இலை அசையாத உச்சிவெயில் நேரத்திலும் சத்தம் ஓயாத ஓர் இடம் இருந்தது. அது கழுதைப்புலியின் வண்டிப் பட்டறை.

டங்... டங்... என்று சுத்தியல் அடிக்கும். சர்ர்... சர்ர்... என்று ரம்பம் இழுபடும். நடுநடுவே, "பிடிடா அந்தப் பக்கம்!" என்று யாரோ அதட்டுவார்கள். தூரத்தில் போகிற மிருகங்கள் கூட, "அடேயப்பா, என்னா வேலை நடக்குது பாரு!" என்று வாயைப் பிளந்துகொண்டு போகும்.

ஆனால் பிள்ளைகளே, அந்தப் பட்டறை வாசல் மண்ணில் ஒரு காலடித் தடம் கிடையாது. விழுந்த சருகு விழுந்தபடியே கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. காதைத் தீட்டி வைத்திருந்தவர்கள் கண்ணைத் திறக்கவில்லை.

அதே காட்டில் கோரையன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தது. பேரம் பேசுவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. குரங்கிடம் மாங்காய் வாங்கினால், மாங்காய் தொங்கிய கிளையையும் சேர்த்துக் கேட்கும்.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. கோரையன் குடும்பம் குடித்துவந்த குட்டை வற்றிச் சேறாகி, சேறும் வெடித்துவிட்டது. அகலமான மணலாற்றைத் தாண்டிப் போனால், மேற்கு மலையடியில் வற்றாத மடு ஒன்று உண்டு. ஆனால் கோரையனின் மனைவி செவந்திக்குப் பின்னங்கால் ஒன்று இல்லை. வேடன் வைத்த சுருக்கில் போய்விட்டது. ஐந்து குட்டிகளோ இன்னும் பால்குடி மறக்காதவை. வண்டி இல்லாமல் அவ்வளவு தூரம் போக முடியாது.

"என்னங்க, கிழக்குச் சரிவுல அந்த எறும்புத்தின்னி அழுங்கு வண்டி செய்யுதே, அதுகிட்டயே வாங்கிடுங்களேன்" என்றது செவந்தி.

"அதுகிட்டயா? அறுபது மூட்டைக் கிழங்குன்னா அறுபதுதான்னு சுருண்டு படுத்துக்குது. நம்மகிட்ட இருக்கிறதே அறுபது மூட்டை. முழுசாக் கொடுத்துட்டு வந்தா என் மானம் என்னாகிறது?"

"உங்க மானமா வந்து வண்டி இழுக்கப் போகுது? குட்டிங்க நாக்கு வறண்டு கிடக்குதுங்க."

"சும்மா இரு செவந்தி. கழுதைப்புலிகிட்ட நான் எப்படி முடிக்கிறேன் பாரு" என்று கிளம்பியது கோரையன்.

பட்டறை வாசலில் கழுதைப்புலி பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் கதவு பாதி சாத்தியிருந்தது.

"வாங்க மாமா, வாங்க! ஆளுங்க எல்லாம் வேலையா இருக்காங்க. உள்ளே நெருப்புப் பொறி பறக்குது. நாம வெளியவே பேசிக்கலாம்."

"மாமா மச்சான் எல்லாம் அப்புறம். விலையைச் சொல்லு."

"எல்லாரும் சொல்ற விலைதான். அறுபது மூட்டை."

கோரையன் சுற்றும் முற்றும் பார்த்தது. வாசல் ஓரத்தில் இரும்பு காய்ச்சும் உலை இருந்தது. அதன் சாம்பல் குழிக்குள் ஒரு கவுதாரி நான்கு முட்டைகளை இட்டு வைத்திருந்தது.

"யோவ், உலைக்குள்ள கவுதாரி குடும்பம் நடத்துது. இந்த லட்சணத்துல அறுபதா? பத்தைக் குறை."

"குறைச்சாச்சு மாமா."

கோரையனுக்கே தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு லேசாக யாரும் அதனிடம் இறங்கியதில்லை. மறுபடி பார்த்தது. சாணைக்கல்லைச் சுற்றிச் சிலந்தி கெட்டியாக வலை பின்னியிருந்தது.

"சாணை பிடிச்சு எத்தனை மாசம் ஆச்சு? வலையைப் பாரு! இன்னும் பத்து."

"எடுத்துக்கங்க."

"இத்தனை நேரமா ரம்பம் அறுக்குது. கதவிடுக்குல ஒரு துளி மரத்தூள் வெளிய வரலை. என்னய்யா மரம் அது? இன்னும் பத்து!"

"உங்க வாய்க்கு முன்னால நிக்க முடியுமா மாமா? முப்பதுக்கே ஓட்டிட்டுப் போங்க."

பார்த்தீர்களா? உலை ஆறிக்கிடப்பது தெரிந்தது. சாணை சுற்றாதது தெரிந்தது. தூளே விழாமல் ரம்பம் அறுப்பது தெரிந்தது. இதெல்லாம் ஏன் என்று வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதா? கேட்கவில்லை! ஒவ்வொன்றுக்கும் பத்து மூட்டை குறைத்ததோடு அதன் மூளை வேலையை முடித்துக்கொண்டது.

வரிசையில் நின்ற வண்டிகளில் ஒன்றைக் கழுதைப்புலி இழுத்து வந்தது. சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க அச்சின் முனையில் செருகியிருந்த கடையாணியைத் தட்டிக் காட்டியது. கருகருவென்று மின்னிய ஆணி. அதற்கு மூன்று பட்டை.

"காட்டுல எல்லாரும் உருண்டை ஆணி போடுவாங்க. நாங்க மட்டும்தான் மூணு பட்டை. எங்க வண்டிக்கு எங்க ஆணிதான் சேரும்."

"அப்ப ஆணி ரெண்டு சேர்த்துக் கொடு."

"எதுக்கு மாமா வீணாச் சுமக்கிறீங்க? அஞ்சு மழைக்காலத்துக்கு எது உடைஞ்சாலும் சும்மாவே மாத்தித் தர்றோம். பட்டறை இங்கயேதான இருக்கு!" என்று சொல்லி, ஒரு தேக்கிலையில் தன் பாதத்தை அழுத்திக் கொடுத்தது கழுதைப்புலி. "ஒண்ணே ஒண்ணு. கிழங்கு இன்னிக்கே வந்து இறங்கிடணும். பொழுது சாயறதுக்குள்ள."

கோரையன் மூன்று நடையாகக் கிழங்கை இழுத்து வந்து இறக்கியது. வண்டியோடு திரும்பும்போது பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. ஏழு சுத்தியல் அடி, ஓர் இருமல். மறுபடி ஏழு அடி, அதே இருமல்.

"ஆசாரிக்குச் சளி போல இருக்கு. அதைச் சொல்லி இன்னும் ரெண்டு மூட்டை குறைச்சிருக்கலாமே" என்று அது தலையில் அடித்துக்கொண்டது.

மறுநாள், மிச்சமிருந்த முப்பது மூட்டையை வண்டியில் ஏற்றி, செவந்தியையும் குட்டிகளையும் மேலே உட்கார வைத்து, கோரையன் வண்டியை இழுத்தது. அதற்கு அடுத்த நாள் விடியும்போது மணலாற்றில் இறங்கினார்கள்.

நட்டாற்றில், டக்!

கடையாணி இரண்டாக முறிந்தது. சக்கரம் தனியாக நாலு முழம் உருண்டுபோய் விழுந்தது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. குட்டிகள் கத்தின.

கோரையன் ஒரு குச்சியைச் செருகி இழுத்துப் பார்த்தது. பத்தடியில் முறிந்தது. வேறொரு குச்சி. அதுவும் முறிந்தது. மூன்று பட்டை ஓட்டைக்குள் எதுவும் பிடித்து நிற்கவில்லை.

"என்னங்க, மலையைப் பாருங்க" என்றது செவந்தி.

மேற்கு மலை உச்சி மைக்கறுப்பாக இருந்தது. அங்கே மழை இறங்கினால் மணலாறு யாரையும் கேட்டுக்கொண்டு வராது.

"நான் மட்டும் இறங்கி நொண்டினாலும் கரை சேர மாட்டேன். இந்தக் குட்டிகளை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

"முப்பது மூட்டையையும் ஆத்துல விட்டுட்டா போறது? அசையாம இரு. ஆணியை வாங்கிட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன். இலை இருக்கு கையில. பட்டறை எங்க ஓடிடப் போகுது?"

கோரையன் ஓடியது. முள் கிழித்ததும் தெரியவில்லை. உச்சிவெயிலில் பட்டறையை நெருங்கியபோது, டங்... டங்... என்று கேட்டது. அதற்கு உயிர் வந்தது.

"முதலாளி! ஆணி உடைஞ்சு போச்சு!"

"வாங்க மாமா, வாங்க! ஆளுங்க எல்லாம் வேலையா இருக்காங்க" என்று உள்ளிருந்து கழுதைப்புலியின் குரல் வந்தது.

"பேச நேரமில்லை. என் பெண்டாட்டி பிள்ளைங்க ஆத்துக்கு நடுவுல கிடக்குதுங்க!"

"வாங்க மாமா, வாங்க! ஆளுங்க எல்லாம் வேலையா இருக்காங்க."

அதே வார்த்தை. அதே ராகம். 'வாங்க' என்பதில் அதே இழுப்பு.

கோரையனின் முதுகு மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. கதவைத் தள்ளியது.

உள்ளே யாரும் இல்லை.

கூரை ஓட்டை வழியாக வெயில் குச்சி குச்சியாக இறங்கியது. இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லின் மேல் பாசி காய்ந்திருந்தது. சுத்தியல் இல்லை. ரம்பம் இல்லை. ஆனால் டங்... டங்... என்று அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே கேட்டது. கோரையன் கிட்டே போனது. சத்தம் மூலைக்கு நகர்ந்தது. மூலைக்குப் போனது. சத்தம் தலைக்கு மேலே ஏறியது. பிறகு, அதன் காதுக்குப் பின்னால், மிக அருகில், யாரோ இருமினார்கள்.

"யாருடா அது? முன்னால வாடா!" என்று கோரையன் அலறியது.

"பிடிடா அந்தப் பக்கம்!" என்றது கூரையைத் தாங்கிய உத்தரம்.

உத்தரத்தின் மேல் கரிச்சான் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. கருப்பு உடம்பு. வாலில் நூல்போல இரண்டு நீண்ட இறகுகள் ஆடின. கேட்ட சத்தத்தை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிற குருவி அது.

"நீயா? இத்தனை சத்தமும் நீயா?"

"நான்தான்" என்றது கரிச்சான், கழுதைப்புலியின் குரலில்.

"உன் குரல்ல பேசித் தொலை!"

"அது எதுன்னு ஞாபகம் இல்லையே" என்றது கரிச்சான், இருமுகிற ஒரு கிழக் குரலில். "இது முள்ளம்பன்றி ஆசாரியோட குரல். கூலி வரலைன்னு அவர் போயி ரெண்டு கோடை ஆச்சு. ஒவ்வொருத்தரா எல்லாரும் போயிட்டாங்க. போகப் போக அவங்கவங்க சத்தத்தை நான் எடுத்து வச்சுக்கிட்டேன். சத்தம் நின்னா வாங்குறதுக்கு ஆள் வராதுன்னு முதலாளி சொன்னார்."

"அந்த முதலாளி எங்கே?"

"இருந்த வண்டியெல்லாம் கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டு, கிழங்கை அள்ளிக்கிட்டு முந்தாநேத்தே போயிட்டார். நான் வர்ற வரைக்கும் சத்தத்தை நிறுத்தாதேன்னு சொல்லியிருக்கார்."

"ஆணி? ஒரே ஒரு ஆணி?"

"ஆணி செய்யற கருங்காலி மரம் தீர்ந்து எவ்வளவோ நாளாச்சே. உங்க வண்டிக்குப் போட்டது முருங்கைக் கட்டை. கரி பூசினது."

கோரையன் தேக்கிலையை நீட்டியது. "அஞ்சு மழைக்காலம்னு பாதம் பதிச்சுக் கொடுத்திருக்கே!"

கரிச்சான் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. "பதிச்சவர் போயிட்டார். இனிமே அது இலை" என்றது. பிறகு தன் வேலையைத் தொடர்ந்தது. டங்... டங்...

அழுங்கிடம் ஓடலாமா? அதனிடம் இருப்பது உருண்டை ஆணி. கோரையன் இலையைக் கீழே போட்டுவிட்டு ஆற்றை நோக்கித் திரும்பி ஓடியது.

வெயில் சாயும்போது கரைக்கு வந்தது. ஆறு முழங்கால் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. செம்மண் தண்ணீர். சாய்ந்த வண்டியின் உச்சியில் செவந்தி குட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தது. கோரையன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வண்டிக்கு ஓடியது.

"ஆணி எங்கே?"

"இல்லை. பட்டறையும் இல்லை. ஏறு என் முதுகுல!"

"கிழங்கு?"

"போகட்டும்! ஏறுடி!"

செவந்தி முதுகில் தொற்றியது. குட்டிகள் அதன் கழுத்து மயிரைக் கவ்விக்கொண்டன. கோரையன் மலைப்பக்கத்துக் கரையை நோக்கி நடந்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. ஒரு குட்டி நழுவியது. அதை வாயால் கவ்விக்கொண்டு, மூச்சுவிட வழியில்லாமல், கரையில் வந்து விழுந்தது. எண்ணிப் பார்த்தது. ஐந்தும் இருந்தன. திரும்பிப் பார்த்தபோது வண்டி இல்லை. பேரம் பேசி மிச்சம் பிடித்த முப்பது மூட்டையும் இல்லை.

மறுநாள் காலையில் வெள்ளம் வடிந்து, ஆறு மறுபடி முழங்கால் அளவுக்கு இறங்கியது. பசித்த குட்டிகள் சுருண்டு கிடந்தன. செவந்தியை உட்கார வைத்து இழுக்க, கோரையன் ஒரு பாக்குமரத்து மட்டையைத் தேடிக் கொண்டுவந்தது. அப்போது எதிர்க்கரையில் ஒரு கரடி வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு வண்டி. வண்டி நிறையக் கரடியின் மனைவியும் குட்டிகளும்.

"யாரு, கோரையனா?" என்று கரடி கூவியது. "நீயும் கழுதைப்புலிகிட்ட வாங்கினியாமே! எத்தனைக்கு முடிச்சே?"

"முப்பது!"

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஏமாந்துட்டியேடா! நான் இருபத்தஞ்சு!"

"கத்துங்க! இறங்க வேண்டாம்னு சொல்லுங்க!" என்று செவந்தி கோரையனின் விலாவில் இடித்தது.

கோரையன் வாயைத் திறந்தது. ஆனால் அதன் மண்டைக்குள் முதலில் வந்தது, 'ஐயோ, ஐந்து மூட்டை கூடக் கொடுத்துவிட்டோமே' என்பதுதான். அந்த நினைப்பு போய் அடுத்த நினைப்பு வருவதற்குள், கரடியின் வண்டி நட்டாற்றுக்கு வந்துவிட்டது.

டக்!

மலை உச்சியில் மறுபடியும் இடி இடித்தது.

நீதி: பொருளின் விலை குறைவா என்று பார்ப்பதற்கு முன், அது பழுதாகும் நாளில் விற்றவன் இருப்பானா என்று பார்.