அழுகை நின்ற நாழிகை

முன்பொரு காலத்தில், பாறையும் செம்மண்ணுமான குன்றநாட்டை மகரவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அழுகைச் சத்தம் அவர் காதுக்கு ஆகாது. எங்கேயாவது குழந்தை சிணுங்கினாலே தலையைப் பிடித்துக்கொள்வார்.

அந்த நாட்டில் கல்லைப் புரட்டினால் செந்தேள். பிள்ளைகளைக் கொட்டிவிட்டால் உயிர்ப் பயம். அதற்கு இரண்டு வைத்தியம் இருந்தது. அரண்மனை வைத்தியர் கேசவ பண்டிதர் ஒரு கறுப்பு லேகியம் கொடுப்பார். கல்லுடைக்கும் குப்பாச்சியோ தன் மருந்தை ஊட்டிவிட்டு, பிள்ளையின் பாதத்திலிருந்து கையை எடுக்காமல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பாள்.

எது உசத்தி என்று பார்த்துவிட ராஜாவுக்கு ஆசை வந்தது. ஒரே காலையில் தேள் கொட்டிய இரண்டு பையன்களைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். நேரம் பார்க்க, தண்ணீரில் மிதந்து நிறைந்து மூழ்கும் நாழிகை வட்டிலை நடுவில் வைத்தார்கள். யாருடைய பிள்ளை முதலில் அழுகையை நிறுத்துகிறதோ அவருக்கே வெற்றி. பண்டிதரின் பையன் அரை நாழிகையில் அடங்கிவிட்டான். குப்பாச்சியிடம் இருந்தவன் சாயங்காலம்வரை கத்தினான். ராஜா காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். பண்டிதருக்குப் பட்டுச் சால்வை. குப்பாச்சி இனி வைத்தியம் பார்க்கக் கூடாது. பண்டிதரைக் குறை சொல்லும் நாக்கு அறுக்கப்படும் என்று பண்டிதரே எழுதிக் கொடுத்த ஆணையிலும் முத்திரை விழுந்தது.

மந்திரி நன்னெறியார் மட்டும் மறுநாள் அடங்கிய பையனின் வீட்டைத் தேடிப் போனார். வீட்டில் பையன் இல்லை.

“அழுகை நின்னதும் சந்தோஷமாத் தூக்கிட்டு வந்தேன் சாமி,” என்றாள் தாய். “கால் ஜில்லுன்னு இருந்துச்சு. உடம்பெல்லாம் வேர்வை. தூங்குறான்னு நினைச்சுட்டேன்.”

லேகியம் பிள்ளையை மயக்கியதே தவிர விஷத்தைத் தொடவில்லை. குப்பாச்சியிடம் கத்தியவனோ தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். மந்திரிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் பகலில், பூக்கூடைக்குள் இருந்த செந்தேள் மூன்று வயது இளவரசி வஞ்சியைக் கொட்டியது. பண்டிதர் லேகியத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, எட்ட நின்று காதைத் தீட்டிக்கொண்டார். அலறல் விம்மலாயிற்று. விம்மல் முனகலாயிற்று. குணமாகிறது என்றார். ராஜா மூச்சுவிட்டார். ராணி மட்டும் குனிந்து பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மந்திரி ஆளை அனுப்பிக் குப்பாச்சியை அரண்மனை வாசலுக்கு வரவழைத்தார். பிறகு சமையல்கட்டுக்குப் போய், துணியில் எதையோ சுற்றி, பிள்ளையைப்போலத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். இதையும் கொஞ்சம் பாருங்கள் என்று பண்டிதரிடம் கேட்டார்.

பண்டிதர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. “அழவே இல்லையே, குணமாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும். பிள்ளை தூக்குவதுதான் இப்போது மந்திரி உத்தியோகமோ?”

“என்ன செய்வது பண்டிதரே, தொட்டுப் பார்க்கவும் ஒருவர் வேண்டுமே,” என்ற மந்திரி, மூட்டையை ராஜாவிடம் நீட்டினார்.

ராஜா தொட்டார். ஜில்லென்றிருந்தது. ஈரம். துணியை விலக்கினால், தண்ணீர் நிறைந்த மண்பானை.

“பண்டிதர் கணக்கில் இதுவும் பிழைத்த பிள்ளை, ராஜா. அழவில்லை, குளிர்ந்திருக்கிறது, வேர்த்திருக்கிறது. அன்று அரை நாழிகையில் ஜெயித்த பையனும் இப்படித்தான் வீட்டுக்குப் போனான். அவனைப் புதைத்து ஒன்பது நாளாகிறது. என் நாக்கை அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இளவரசியின் பாதத்தைத் தொடுங்கள்.”

ராஜா தொட்டார். பானைக்கும் பாதத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

குப்பாச்சி வந்து மருந்தை ஊட்டினாள். ஒரு பாதத்தைத் தான் பிடித்துக்கொண்டு, மற்றதை ராணியிடம் கொடுத்தாள். பிழைப்பாளா என்று ராஜா கேட்டார்.

“தெரியாது சாமி. பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

வட்டில் நிறைந்து நிறைந்து மூழ்கியது. யாரும் எண்ணவில்லை. வெயில் தாழ்ந்தபோது ராணியின் விரல்களுக்குள் ஒரு குட்டிக் கால்விரலில் சூடு ஏறியது. அடுத்த கணம் இளவரசி வீலென்று அழுதாள். காவலர்கள் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்த ஓடினார்கள்.

“திறந்தே இருக்கட்டும்,” என்றார் ராஜா.

ஆணை கிழிந்தது. பட்டுச் சால்வை குப்பாச்சியின் தோளுக்குப் போனது. பண்டிதர் அன்றிலிருந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கொட்டுப்பட்ட பிள்ளைகளின் பாதத்தைப் பொழுது சாயும்வரை பிடித்திருக்க வேண்டியதாயிற்று. மந்திரி அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இளவரசி அழுத அழுகை கோட்டைக்கு வெளியேயும் கேட்டது. குன்றநாட்டுத் தாய்மார் கைவேலையைப் போட்டுவிட்டு, அது சட்டென்று நின்றுவிடுமோ என்று நின்று கேட்டார்கள். அது ஓயாமல் தொடர்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.