மஞ்சளுக்கு மஞ்சள்

காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் கொலையும் இல்லை, களவும் இல்லை. ஊரே கும்பிட்ட ஒருத்தி தலைகுனிந்த கதை. அவள் எந்த இடத்தில் சறுக்கினாள் என்று கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

ஆவுடைக்குறிச்சியில் செண்பகவல்லி என்றொரு நர்ஸ். இருபது வருடமாக அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கையில் விழுந்தவை. அவள் பேச்சை ஊரில் ஒருவரும் தட்டமாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் தலசீமியா என்ற ரத்த நோய்க்காக அங்கே ஒரு பரிசோதனை முகாம் நடந்தது. கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, பிறக்காத பிள்ளையின் தலையெழுத்தைக்கூட ஓரளவு சொல்லிவிடுகிற காலம் அல்லவா இது! மரபணுவில் குறை இல்லாதவருக்கு வெள்ளை அட்டை, குறையைச் சுமப்பவருக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். மஞ்சள் அட்டைக்காரருக்கு நோய் ஒன்றும் கிடையாது. அவர் வெள்ளை அட்டைக்காரரைக் கட்டினால் பிள்ளைக்கும் நோய் வராது. மிஞ்சிப்போனால் அதுவும் ஒரு மஞ்சள் அட்டை வாங்கும், அவ்வளவுதான். மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தால்தான் வினை. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுக்கு ஒன்று என்ற அளவில் நோய் வரக்கூடும். வந்துவிட்டால் மாதம் தவறாமல் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றித்தான் அது உயிர் பிழைக்க வேண்டும்.

இதையெல்லாம் செண்பகவல்லி தொண்டை வற்றச் சொன்னாள். ஆனாலும் பூரணம் என்பவள், மகள் சுபாஷினியின் மஞ்சள் அட்டையைப் பிடித்துக்கொண்டு முகாம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றுவதற்கு வாய்க்கு வந்ததைச் சொன்னாள் செண்பகவல்லி.

"ஏன்க்கா அழுவுதீங்க? செவ்வாய் தோஷம் மாதிரி நினைச்சுக்கிடுங்க. அது நோயா நொடியா? பொருத்தம் பார்த்துக் கட்டினா ஒண்ணும் செய்யாது."

கூட்டம் சிரித்தது. நாளடைவில் விளக்கமெல்லாம் ஊருக்கு மறந்தது, அந்தச் சொல் மறக்கவில்லை. பூரணமும் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போனாள். அந்த வருடமே மஞ்சள் அட்டைப் பெண்கள் இரண்டு பேர் வெள்ளை அட்டை வீடுகளில் வாழ்க்கைப்பட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்த தையில் கல்யாணத் தரகர் சங்கரபாண்டி, சுபாஷினியின் ஜாதகத்தோடு செண்பகவல்லி வீட்டுக்கே வந்தார். அவள் மகன் கதிரேசனுக்கு வெள்ளை அட்டை. பெண் படித்தவள், குணமானவள், இவள் கையிலேயே பிறந்தவள். பயம் இல்லை என்பது ஊரில் எல்லாரையும்விட செண்பகவல்லிக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் ஒரு மஞ்சள் அட்டை வந்தால்? கையில் வெள்ளை இருக்கும்போது எதற்கு இந்த வம்பு? மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொருத்தம் சரியில்லை அண்ணாச்சி" என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மடித்த ஜாதகத்தை அவள் பிரிக்கவே இல்லை என்பதைத் தரகர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒருநாள் காலையில் பூரணம் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். சுபாஷினிக்கு அடுத்த வாரம் கல்யாணம். தான் பிறந்தபோது பிரசவம் பார்த்தவளிடம் திருநீறு பூசிக்கொள்ள அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள். பின்னாலேயே சங்கரபாண்டி, முகமெல்லாம் பெருமை.

"மாப்பிள்ளைக்கும் மஞ்சள் அட்டைதான் நர்ஸம்மா. செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷத்தையே கட்டுதோம்லா, அதே மாதிரி மஞ்சளுக்கு மஞ்சள். இது நான் சேர்க்கிற மூணாவது சோடி. முத சோடியில பொண்ணு முழுகாம இருக்கா."

செண்பகவல்லி குறுக்கே மறித்துக் கேட்டாள். "அப்படிச் சேர்க்கலாம்னு யார் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீக, முகாம்ல வச்சு."

அவள் கூசிப்போனாள். இருபது வருடத்தில் யார் முன்னாலும் அவள் அப்படிக் குறுகியது கிடையாது. தட்டுத் தடுமாறி விஷயத்தை உடைத்துச் சொன்னாள். பூரணம் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ வெள்ளை அட்டைக்காரன் கட்டினா பயமில்லைங்கீங்க. பிறகு ஏன் ஒரு வெள்ளை வீட்டுக்காரனும் எம் மகளை ஏறிட்டுப் பார்க்கலை?"

சங்கரபாண்டிதான் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நர்ஸம்மாவே வேண்டாம்னு திருப்பின பொண்ணை வேற எவன் எடுப்பான் தாயி?"

சுபாஷினி தட்டிலிருந்த தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே எடுத்துக்கொண்டாள். "வாம்மா, போவோம். கல்யாணம் வேண்டாம்னு நானே அவுகளுக்குச் சொல்லிக்கிடுதேன்" என்று தாயைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

இப்போது சொல்லுங்கள். செண்பகவல்லி வாயிலிருந்து பிசகாக வந்த சொல் இரண்டு. முகாமில் 'செவ்வாய் தோஷம் மாதிரி' என்றது ஒன்று. தன் வீட்டில் 'பொருத்தம் சரியில்லை' என்றது மற்றொன்று. இந்த இரண்டில் அந்த ஊரைக் கெடுத்த சொல் எது?

விடை: முதல் சொல்லைக் காட்டுகிறவர்கள் அதற்குப் பின் நடந்த இரண்டு கல்யாணங்களை மறந்துவிட்டார்கள். அந்தச் சொல் ஊருக்குள் உலவும்போதே மஞ்சள் பெண்களை வெள்ளை வீடுகள் மனசாரக் கொண்டன. வெள்ளை வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டது தை மாதத்துக்குப் பிறகுதான். விவரம் தெரிந்தவளே ஒதுக்கினால் விவரம் தெரியாத ஊர் என்ன செய்யும்? கதவெல்லாம் சாத்திய பிறகுதான் தரகர் மஞ்சளுக்கு மஞ்சளைத் தேடினார். ஆகவே கெடுத்தது இரண்டாவது சொல். செண்பகவல்லிக்கும் இது விளங்கியது. முழுகாமல் இருந்த பெண்ணை அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தாள். இரண்டாவது சோடியின் வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னாள். முகாமில் நான் உளறிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது அவளுக்கு அத்தனை கஷ்டமாக இல்லை. பூரணம் வீட்டுக்குத்தான் கால் வரவில்லை. இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை கதவைத் தட்டியபோது சுபாஷினி வந்து திறந்தாள். "பொருத்தமே பார்க்கலைம்மா, நான் பொய் சொன்னேன்" என்றாள் செண்பகவல்லி.

"ஜாதகம் திரும்பி வந்த அன்னைக்கே தெரியும் அத்தை" என்றாள் அந்தப் பெண்.