கோணக்குளத்தார் கரைத்துக் குடித்த காதை

கோணக்குளத்தில் புத்தி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது அநியாயம். அங்கே புத்தி ஏராளம். யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அப்படியே புதுசாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு கிளை நூலகம் உண்டு. நூலகர் மாற்றலாகிப் போய் ஆறு வருஷம் ஆயிற்று; புது ஆள் வரவில்லை. சாவி, வாசகர் வட்டத் தலைவர் பிச்சாண்டியிடம் இருந்தது. பிச்சாண்டிக்கு சைக்கிள் கடை. அவரைச் சேர்த்து வட்டத்தில் நாலு பேர்; மற்ற மூவர் மாவு மில் மரகதவல்லி, காய்கறிக் கடை சூசைமாணிக்கம், தையல்காரர் சொரிமுத்து. நாலு பேர் உட்கார்ந்தால் சதுரம்தானே வரும், வட்டம் எப்படி வரும் என்று சொரிமுத்து ஒருமுறை ஆட்சேபித்தார். அன்றிலிருந்து கூட்டம் என்றால் நால்வரும் கொஞ்சம் வளைந்து உட்காருவார்கள்.

புத்தகங்கள் என்றால் நால்வருக்கும் உயிர். வாரம் தவறாமல் தூசி தட்டுவார்கள், கிழிந்ததை ஒட்டுவார்கள், வெயில் நாளில் வெளியே பரப்பிக் காயவைப்பார்கள். படிப்பது ஒன்றுதான் பாக்கி.

ஒரு வெள்ளிக்கிழமை நூலக ஆய்வாளர் வந்தார். முனைவர் பொழிலரசன் என்று பெயர். பெரிய பெரிய நூல்களைப் பற்றி முப்பது வருஷமாக மேடையில் பேசி வருகிறவர்.

“இவ்வூரில் எவரும் படிப்பதில்லை என்று மேலிடத்தில் எண்ணுகிறார்கள். நூலகத்தை மூடிவிட்டு, புத்தகங்களை டவுனுக்கு ஏற்றிவிடப் போகிறார்கள்” என்றார்.

சூசைமாணிக்கம் பக்கத்திலிருந்த அலமாரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வாய்ப்புத் தருகிறேன். ‘கருங்குவளைக் காதை’யை நீங்கள் கரைத்துக் குடிக்க வேண்டும். ‘பன்னீராயிரம் விளக்கு’ நாவலில் மூழ்கி முத்தெடுக்க வேண்டும். ‘ஈரக்காற்றுக் குறிப்புகள்’ புதுமை நூல்; அதை நன்றாக எடை போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் கருத்துச் சொல்ல வேண்டும். யாரோ சொன்ன கருத்து உதவாது. சொந்தக் கருத்து! அடுத்த வெள்ளி வருகிறேன்.”

பிச்சாண்டி ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். ஆய்வாளரை பஸ் ஏற்றி அனுப்பிய கையோடு கூட்டம் கூடியது.

“எதுலவே கரைக்கது? வெந்நீரா, பச்சைத் தண்ணியா?” என்று சூசைமாணிக்கம் ஆரம்பித்தார்.

“காதை ரொம்பப் பழசு. பழசு பச்சைத் தண்ணில கரையாது. பழம்புளி கரையுதா? வெந்நீர்தான்” என்றாள் மரகதவல்லி.

“அட்டையோடவா, உரிச்சா?” என்று கேட்டார் சொரிமுத்து.

பிச்சாண்டி கண்ணை மூடி யோசித்தார். “அட்டையை உரிச்சிரு. முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை எல்லாத்தையும் எடுத்துரு. அதெல்லாம் தோலு. யாருக்கும் செரிக்காது.”

மறுநாள் மில்லில் மரகதவல்லி காதையை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெந்நீர் அண்டாவில் போட்டாள். போடும்போது கண் சும்மா இருக்கவில்லை. எழுத்தின் மேல் பட்டுவிட்டது. பாட்டு விளங்கவில்லை. கீழே இருந்த உரை விளங்கியது. குவளைமாலை என்று ஒரு பெண். தகப்பன் பேசி முடித்த கல்யாணம் பிடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். பதினோராம் பக்கத்தில் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள். ஆற்றில் கரை புரண்டு வெள்ளம். அக்கரையில் ஒரு ஓடக்காரன். கையை வாயருகே குவித்து அவனைக் கூப்பிட்டாள்.

மரகதவல்லி தாளைப் போடாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன மரகதம், படிக்கியா?” பக்கத்தில் நின்ற பிச்சாண்டி பதறிப்போனார். “அவரு என்ன சொன்னாரு? குடிக்கச் சொன்னாரு. படிக்கச் சொல்லி நோட்டுல ஒரு வரி இருக்கா, காட்டு!”

நோட்டில் இல்லை.

“அந்தப் பிள்ளை கரையில நிக்கா அண்ணாச்சி. ஓடக்காரன் வந்தானா இல்லையான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்.”

“குடிச்சா தெரிஞ்சிரப் போவுது.”

அதுவும் சரிதான் என்று பட்டது. மரகதவல்லி பதினோராம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் அண்டாவில் விட்டாள்; மீதித் தாள்களைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். ஊறிய காதையை மாவாட்டும் கல்லில் போட்டு அரைத்தாள். மோர் விட்டு, உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, ஆளுக்கு எட்டு டம்ளர் வந்தது.

“இதுல ஒன்பது சுவையும் இருக்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு இஞ்சி ஒண்ணுதான்வே தெரியுது” என்றார் சூசைமாணிக்கம்.

“மத்த எட்டும் அடியில தங்கியிருக்கும். கலக்கிக் குடி” என்றார் பிச்சாண்டி.

கலக்கிக் குடித்தார்கள். ரெண்டு நாள் மரகதவல்லி வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். இரைச்சல் கேட்டது. அது வெள்ளமா, மோரா என்று தெரியவில்லை. ஓடக்காரனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அடுத்தது ‘பன்னீராயிரம் விளக்கு’. ஐந்து பாகம்.

“ஒரு ஆளு புத்தகத்துக்குள்ள எப்படி மூழ்க முடியும்? தலையே நுழையாதே” என்றார் சொரிமுத்து.

“நீ துணி வெட்டுற ஆளு, உனக்குத் தெரியாது. நான் தினமும் ட்யூபைத் தண்ணில அமுக்குற ஆளு. புத்தகமும் ஆளும் சேர்ந்து மூழ்கணும்னு அர்த்தம்” என்றார் பிச்சாண்டி.

ஐந்து பாகத்தையும் சாக்கில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு பிச்சாண்டி குளத்தில் இறங்கினார். இடுப்புக் கயிற்றின் மறுமுனை கரையில் சூசைமாணிக்கத்திடம்.

“முத்து கிடைச்சா கயித்தை ஆட்டுதேன், இழுத்திரு” என்று சொல்லிவிட்டு முங்கினார்.

சாக்கு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. பிச்சாண்டியின் கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் புதைந்தது. எழும்பிப் பார்த்தார், முடியவில்லை. உயிர் போகிற மாதிரி கயிற்றை ஆட்டினார்.

“கிடைச்சிட்டு!” என்று கத்தினார் சூசைமாணிக்கம். “விடாம ஆட்டுதாரு. குவிஞ்சி கிடக்கு போல!”

“அப்ப இழுக்காத. ஆசை தீர அள்ளட்டும்” என்றார் சொரிமுத்து.

மரகதவல்லிதான் சந்தேகப்பட்டாள். “இவ்வளவு நேரமா அள்ளுவாரு? எதுக்கும் இழுங்களேன், மீதியை நாளைக்கு அள்ளிக்கிடலாம்.”

மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். பிச்சாண்டி உதடு நீலம் பாரித்து, கண் பிதுங்கி வந்து விழுந்தார். கையில் ரெண்டு நத்தை. சாக்கில் ஐந்து பாகமும் கூழ். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

“மூணாம் பாகத்துல இருந்துதான்வே குமிழி குமிழியா வந்துச்சு. அங்கதான் காத்து.”

‘ஈரக்காற்றுக் குறிப்புகள்’ சிறிய புத்தகம். அதை சூசைமாணிக்கம் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். மறுதட்டில் ரெண்டு கத்திரிக்காய் வைத்ததும் முள் நேராக நின்றது. சந்தோஷத்தில் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்போது பார்த்து வியாபாரம் மும்முரமாகிவிட்டது. யாருடைய பைக்குள் எந்தத் தட்டைக் கவிழ்த்தார் என்பது அவருக்கே நினைவில்லை. மறுநாள் மேலத் தெரு இசக்கியம்மாள் வந்து சண்டை போட்டாள்.

“என்ன காய் போட்டீரு? மூணு மணி நேரம் கொதிக்க வச்சேன், வேகவே இல்ல!”

மிச்சம் இருந்தது சொந்தக் கருத்து. அதில் குழப்பமே வரவில்லை.

“சொந்தம்னா சொந்தக்காரங்க. அவங்க கருத்து வேணும்ங்காரு” என்றார் சொரிமுத்து. “என் மச்சான் பக்கத்து ஊர்லதான் இருக்கான். ஒரு எட்டுப் போயிட்டு வந்திருதேன்.”

போனார். மச்சானுக்கோ, சொரிமுத்து வீட்டுக் காதுகுத்துக்குச் சரியாக அழைக்கவில்லை என்று மூன்று வருஷமாகக் கோபம். வாசலில் நிறுத்தி வைத்தே கருத்தைச் சொல்லி அனுப்பினான். சொரிமுத்து வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். “முதலில் நாவல்” என்றார்.

பிச்சாண்டி எழுந்தார். “மூச்சு முட்டிப் போச்சு ஐயா. உள்ள போனவன் வெளிய வர முடியல. ஆனா மூணாம் பாகத்துல வெறும் காத்து.”

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அற்புதம்! மூன்றாம் பாகம் ஊதிப் பெருத்தது என்பதைச் சொல்ல இதுவரை ஒருவருக்கும் துணிவில்லை. அடுத்து, குறிப்புகள்?”

“ரெண்டு கத்திரிக்காய்க்குச் சமம். அதுல ஒண்ணு சொத்தை” என்றார் சூசைமாணிக்கம். “மூணு மணி நேரம் ஆனாலும் வேகாது.”

“பக்குவப்படாத நடை! எவ்வளவு நுட்பமான ஒப்பீடு!” ஆய்வாளரின் பேனா பறந்தது. “சொந்தக் கருத்து?”

சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். “முறையா அழைக்கல. வந்தவனை வான்னு ஒரு வார்த்தை கேக்கல. தெரிஞ்சவங்களுக்கு மட்டும் முன் பந்தி. சாம்பார்ல உப்பு இல்ல. இனிமே அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்.”

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயா! நவீன இலக்கியம் முழுவதையும் நாலே வரியில் சொல்லிவிட்டீர்கள். இனிக் காதை.”

மரகதவல்லி எழுந்தாள். மற்றவர்களைப் போல அவளிடம் கருத்து இல்லை. கேள்விதான் இருந்தது.

“ஐயா, குவளைமாலை ஆத்தங்கரையில நின்னு கூப்பிட்டாளே, ஓடக்காரன் வந்தானா?”

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். “அது… வாசகரின் கற்பனைக்கு விடப்பட்டுள்ளது, அம்மா. அங்கேயே நூல் முடிந்துவிடுகிறது.”

“இல்லையே ஐயா. அதுக்கப்புறமும் முந்நூறு பக்கம் இருந்துச்சே. நான்தான அரைச்சேன்.”

“அரைத்தீர்களா?”

“கரைச்சுக் குடிக்க வேண்டாமா?”

ஆய்வாளர் கழுத்தில் வேர்வை இறங்கியது. “நூலை எடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்” என்றார்.

பிச்சாண்டி வயிற்றைத் தட்டிக் காட்டினார். “வெளிய இல்ல ஐயா. எங்க நாலு பேருக்குள்ளயும் இருக்கு.”

ஆய்வாளர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து கும்பிட்டார். “முப்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட வாசகர்களைக் கண்டதில்லை” என்று சொல்லிவிட்டு, மரகதவல்லி அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

பத்தாம் நாள் ஒரு மூட்டைப் புத்தகமும் ஒரு கடிதமும் வந்தன. மூட்டையில் ‘கருங்குவளைக் காதை’ புதுப் பதிப்பு இருந்தது. மரகதவல்லி மில்லை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்ற மாவுக் கூடைகளைக் காக்க வைத்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். ஓடக்காரன் வந்திருந்தான். முதல் வரியிலேயே குவளைமாலை அக்கரையில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள். இதற்குப் போய் எட்டு டம்ளர் குடித்தோமே என்று மரகதவல்லிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மூடிவைக்கவில்லை. மீதியையும் படித்தாள். கோணக்குளத்தில் ஒரு புத்தகம் கடைசிப் பக்கம் வரை படிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. இதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கடிதத்தைப் பிச்சாண்டி சத்தமாக வாசித்தார்: “கோணக்குளம் நூலகம் மூடப்படாது. உடனடியாகத் தரம் உயர்த்தப்பட வேண்டும்.”

“எவ்வளவு உயரம்னு போட்டிருக்கா?” என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

“போடல.”

“அப்ப ஊர்லயே உசந்த இடமாப் பாத்துர வேண்டியதுதான்.”

“தண்ணி டேங்குதான்” என்றார் சொரிமுத்து. “அதுலயே ‘மேல்நிலை’ன்னு எழுதியிருக்கு பாத்தீயளா? டவுன்ல மேல்நிலைப் பள்ளி மாதிரி.”

மூன்று நாள் ஏறி இறங்கி, அலமாரி, மேசை, நாற்காலி, அத்தனை புத்தகமும் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். நாலாம் நாள், தரம் உயர்ந்த நூலகத்தின் திறப்பு விழாவுக்கு ஆய்வாளர் மாலையோடு வந்தார். பழைய கட்டடம் காலியாகக் கிடந்தது. எங்கேயோ குரல் கேட்டு அண்ணாந்து பார்த்தார். எழுபது அடி உயரத்தில் நாலு தலை தெரிந்தது.

“ஐயா, தரம் இவ்வளவு போதுமா? இன்னும் உயர்த்தணும்னா மேல ஒரு ஏணி கட்டுதோம்!” என்று கத்தினார் பிச்சாண்டி.

“போதும், போதும்! இறங்கி வாருங்கள்!”

மேலே நாலு தலையும் ஒன்றுகூடி ஆலோசித்தன. பிறகு பிச்சாண்டி எட்டிப் பார்த்தார்.

“உயர்த்தச் சொல்லித்தான் ஐயா எங்ககிட்ட ஆர்டர் இருக்கு. இறங்குறதுக்கு ஆர்டர் கொண்டாந்திருக்கீயளா?”

ஆய்வாளர் மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையைத் திறந்து, கீழே உட்கார்ந்து இறங்குவதற்கான ஆர்டரைத் தேட ஆரம்பித்தார்.