சுண்ணாம்பு வைத்த பரீட்சை

"மூன்று வருஷமாகச் சோறு போட்டு மனசைப் பற்றிப் படிக்க வைக்கிறேன். ராணி ஏன் என்னோடு பேசவில்லை என்று ஒரு பயலுக்காவது சொல்லத் தெரிகிறதா?"

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்கோட்டையை ஆண்ட கடம்பராயன் என்ற ராஜா சபை நடுவே நின்று சொன்னது இது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ராணியிடமே போய்க் கேட்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கல்விச்சாலை கட்டியிருந்தார்.

அதன் தலைமை ஆசிரியர் சர்வோத்தமருக்கு மந்திரி பதவி மேல் வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, என் மாணவர்கள் எல்லோரும் முதல் வகுப்பில் தேறியவர்கள். யார் வேண்டுமானாலும் சோதிக்கட்டும். பதில் சரியாக வந்தால் மந்திரி பதவியை எனக்குக் கொடுங்கள்."

"பதவிதானே, தந்தால் போச்சு," என்றார் ராஜா. பதவியில் இருந்த குழைக்காதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மந்திரி, நீரே சோதித்துப் பாரும்."

குழைக்காதர் வாதாடவில்லை. ஆசிரியரை மாணவர்களுக்கு எதிரே உட்கார வைத்து, தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார். சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவியிருந்தார். ஆசிரியருக்கு நாக்கு வெந்தது. ராஜா முன்னால் துப்ப முடியுமா?

"பயத்தில் இருப்பவன் சிரிப்பது உண்டா?" என்று மந்திரி கேட்டார்.

"உண்டு," என்றான் முதல் மாணவன். சரியான பதில்தான். ஆசிரியரின் முகம் கோணியது.

"இல்லை," என்று மாற்றினான் அவன். முகம் இன்னும் கோணியது.

"உண்டு, ஆனால் இல்லை."

அடுத்தவனும் அப்படியே. வரிசை முழுக்க அப்படியே. கடைசியில் நின்றவன் கேள்வி வருமுன்பே மன்னிப்புக் கேட்டான்.

"முதலில் சொன்னதுதான்டா சரி, இது சுண்ணாம்பு," என்று ஆசிரியர் அழாத குறையாகக் கத்தினார்.

"ஆக, ஒன்றுமே படிக்கவில்லை," என்றார் ராஜா.

"அப்படிச் சொன்னால் பாவம், மகாராஜா," என்றார் மந்திரி. "சேர்ந்தபோது இவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. இப்போது இவர் மீசை அசைந்தாலே அர்த்தம் தெரிகிறது. மூன்று வருஷத்தில் ஏறிய படிப்பு அவ்வளவு. மற்றவர் மனசுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை."

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குக் கொடுத்தார். சர்வோத்தமரை முதலாம் ஆண்டு மாணவர்களோடு போய் உட்காரச் சொன்னார். சபை தலையாட்டியது. ராஜா சிரித்தார். சபையும் சிரித்தது. புருவத்தைச் சுருக்கினார். எல்லோரும் சுருக்கினார்கள்.

ராஜா அதைக் கவனித்தார். பிறகு அங்கவஸ்திரத்தை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"இப்போது சொல்லுங்கள். ராணி ஏன் என்னோடு பேசவில்லை?"

சபை துணியைப் பார்த்தது.

"மந்திரி, நீராவது சொல்லுமேன்."

மந்திரியும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.