வெள்ளரிப் பாத்திக்கு வந்த ஆறு

ஒரே பிள்ளையை அப்பா வீட்டில் ஒரு பெயர், அம்மா வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது எதற்குத்தான் திரும்பிப் பார்க்கும், சொல்லுங்களேன்?

அப்படித் திண்டாடிய சின்ன ஆறு ஒன்று இருந்தது. மலையடி ஊரில் அதற்குக் கரடிப்பள்ளம் என்று பெயர். நடு ஊரில் கல்லோடை. கடைசி ஊரில் வெள்ளரியாறு. கோடையில் வற்றிய மணலில் அங்கே வெள்ளரி போடுவார்கள். மலையில் மழை பிடித்தால் போதும், தூங்குகிற ஆறு எழுந்து தலைதெறிக்க ஓடும்.

ஒரு கோடையில் மலைமேல் பெருமழை. அதைப் பார்த்த ஆள்காட்டிக் குருவி பதறிக்கொண்டு கீழே பறந்தது. கடைசி ஊர் மணலில் சின்னமயில் வெள்ளரிப் பிஞ்சு பறித்துக்கொண்டிருந்தாள். பாத்தி ஓரம் ஓலைப்பந்தல் நிழலில் அவளுடைய கைக்குழந்தை தூங்கியது.

“அக்கா, கரடிப்பள்ளம் வருது!”

“வரட்டுமே. அது எந்த ஊர்ல இருக்கோ! இங்க வெயில் மண்டையைப் பொளக்குது.”

குருவி திரும்பிப் போய்ப் பார்த்தது. தண்ணீர் நடு ஊருக்கே வந்துவிட்டது. அங்கே எல்லோரும் வேறு பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

“அக்கா, இப்போ கல்லோடை வருது!”

“முன்னே பள்ளம்னே, இப்போ ஓடைங்கிறே. காலையிலேயே கள்ளு கிள்ளு குடிச்சியா?”

“ரெண்டும் ஒண்ணுதானோ என்னவோ, எனக்கே புரியலக்கா!”

“புரிஞ்சுக்கிட்டு வா, போ,” என்று சின்னமயில் அடுத்த கொடிக்குக் குனிந்தாள்.

அப்போது கலங்கல் தண்ணீர் நாக்கு மாதிரி நீண்டு வந்து அவள் காலைத் தொட்டது.

“யாரு நீ?” என்று துள்ளினாள்.

“அதைத்தாம்மா வழியெல்லாம் கேட்டுக்கிட்டு வர்றேன்,” என்றது ஆறு. “ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இங்க நான் யாரு?”

“நீ என் வெள்ளரியாறு இல்லையா? நில்லு, இந்தப் பிஞ்சை மட்டும் பறிச்சுக்கிறேன்!”

“நிக்க முடியலம்மா. பின்னால மலைத்தண்ணி பூராவும் தள்ளுது!”

கூடையைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு ஓடினாள். குழந்தையை வாரிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் தட்டுத்தடுமாறிக் கரையேறினாள். திரும்பிப் பார்த்தால் பாத்தியும் இல்லை, பந்தலும் இல்லை.

குருவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “நான்தான் அப்பவே சொன்னேனேக்கா!”

“சொன்னே, சொன்னே.” முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டினாள் சின்னமயில். “அடியே, உனக்குப் புண்ணியமாப் போகும். அடுத்த தடவை ஆத்தோட பேரைச் சொல்லாதே. ‘பிள்ளையைத் தூக்கு’ன்னு சொல்லு.”