புயல்வேலனின் ஆறாவது விரல்

இது நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் திண்டுக்கல்லுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். நடக்கவில்லை என்று சொல்ல அங்கே ஒருத்தரும் அகப்பட மாட்டார்கள்.

புயல்வேலன் என்ற படக்கதை ஒரு காலத்தில் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது இதழின் கடைசிப் பக்கத்தில் புயல்வேலன் மலை விளிம்பைப் பிடித்து இடது கையால் தொங்கினான். கீழே ஆறு. ஆற்றில் தண்ணீரைவிட முதலை அதிகம். அடுத்த இதழில் காண்க என்று போட்டிருந்தது. அந்த மாதத்தோடு பதிப்பாளர் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஒருவனை அப்படித் தொங்க விட்டுவிட்டுச் சோறு இறங்காதவர்கள் திண்டுக்கல் வட்டாரத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி, கதையைத் தாங்களே தொடர ஆரம்பித்தார்கள். நோட்டு ஒன்றுதான், நகல் கிடையாது. ஒருவர் கையில் ஏழு நாள். அதற்குள் ஒரு பக்கம் வரைந்தோ எழுதியோ, பஸ் கண்டக்டர் மூலம் அடுத்த ஊர்க்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. முன்னால் ஒருத்தர் போட்டதை அழிக்கக் கூடாது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் அங்கேயிருந்துதான் தொடர வேண்டும்.

நோட்டு தணிகாசலத்தின் கைக்கு ஒரே ஒரு தடவை வந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. நில அளவை ஆபீசில் வரைபடம் போடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தார். இரண்டாவது நோட்டில் கடைசிப் பக்கம் மட்டும் மிச்சம். தொங்குகிற கையைப் பக்கம் முழுக்கப் பெரிதாக வரைந்து, மலையையும் போட்டு, வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றி விட்டார். பஸ் வளைவில் திரும்பும்போதுதான் மனதுக்குள் விரல்களை எண்ணிப் பார்த்தார்.

ஆறு.

நல்லவேளையாகக் கூச்சத்தில் பெயர் போட்டிருக்கவில்லை. மறுபடி நோட்டு வந்தபோது ஆள் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் கதைப் படம் எதுவும் வரையவில்லை. ஆபீஸ் வரைபடம் மட்டும் போட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் போட்ட கோட்டை நகர்த்திய அதிகாரி கிடையாது. அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வரப்புகளே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டன என்று ஆபீசில் பேச்சு.

ஓய்வு பெற்ற மறு வாரம் அவருக்குப் புயல்வேலன் ஞாபகம் வந்தது. கூட்டம் கலைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பதினொரு நோட்டுகளும் அமலோற்பவத்திடம் இருந்தன. பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து பக்கம் வரைந்தவர். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறார். தணிகாசலத்தைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அந்த இருபத்திரண்டு பேரில் மிச்சமிருந்தவர்கள் அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் தணிகாசலமும் ஆசான் என்றே கூப்பிட்டார்.

புயல்வேலனைப் புத்தகமாக்கிப் பழைய கூட்டத்தைத் திரும்பக் கூட்டப்போவதாகச் சொன்னார். பதினொன்றையும் எடுத்துப் போங்கள் என்றார் ஆசான். முதல் இரண்டே போதும் என்று வாங்கிப்போனார் தணிகாசலம். மூன்றாவதில் அந்த விரலைப் பற்றி என்னென்ன எழுதிச் சிரித்திருப்பார்களோ, யார் கண்டது.

எட்டு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கோணலை நிமிர்த்தினார். எழுத்துப் பிழையைத் திருத்தினார். மசிக்கறையைத் துடைத்தார். ஆறாவது விரலை முதல் நாளே எடுத்துவிட்டார். வழவழப்பான தாளில் முந்நூறு பிரதி அச்சடித்து, மண்டபத்தில் விழா வைத்து வெளியிட்டார். வந்தவர்கள் அசந்துபோனார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த புத்தகத்துக்கு ஆளுக்கொரு பக்கம் அனுப்புங்கள் என்று தணிகாசலம் கேட்டுக்கொண்டார். வாட்ஸப் குழுவில் எல்லாரும் கைகூப்பினார்கள்.

ஏழு மாதம் ஆயிற்று. ஒரு பக்கம்கூட வரவில்லை.

ஒரு மத்தியானம் தணிகாசலம் தையல் கடைக்கு வந்தார். கையில் ஒரு தாள். புயல்வேலன் வாசகர் கூட்டம் இத்துடன் கலைக்கப்படுகிறது என்று அதில் நாலு வரி இருந்தது. கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். பக்கத்தில் ஆசானுக்கு இடம் விட்டிருந்தார். இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டால் சாயங்காலமே குழுவில் போட்டுவிடலாம்.

ஆசான் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் தாளை வாங்கிப் படித்தார்.

"என்ன சார், வரி கொஞ்சம்கூடச் சாயாம எழுதியிருக்கீங்க."

"ஆசான், அந்தப் புத்தகத்துல என்ன குறை?"

"குறையா? நானும் மூணு தரம் புரட்டிட்டேன். ஒண்ணும் கிடைக்கல."

"பின்ன ஏன் ஒருத்தரும் ஒரு பக்கம்கூட அனுப்பல?"

ஆசான் மேஜைமேல் கிடந்த துணியை ஒதுக்கினார். "இடது கையைக் குடுங்க" என்றார்.

தாளை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டு, தணிகாசலத்தின் கையை அதன்மேல் விரித்து வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து விரல் விரலாகச் சுற்றி வரைய ஆரம்பித்தார். வரைந்துகொண்டே மூன்றாவது நோட்டைப் பற்றிச் சொன்னார்.

இரண்டாவது நோட்டு யாரோ ஒருத்தர் வரைந்த ஆறு விரல் கையோடு முடிந்ததாம். அடுத்து அது போய்ச் சேர்ந்தது பூட்டுப் பட்டறைச் சேசுராசுவிடம். அழிக்கக் கூடாது. அப்படியே விடவும் முடியாது. சேசுராசு நாலு நாள் பட்டறைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் எழுதினார். ஐந்து விரலும் களைத்துத் தூங்கும்போது முறை பார்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் ஆறாவது, அது இல்லாவிட்டால் புயல்வேலன் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருக்கும் என்று. அடுத்து வத்தலக்குண்டு நர்ஸ் எஸ்தர். அந்த விரலுக்குக் காது கேட்கும் என்று அவர் எழுதினார். முதலைகள் பேசிக்கொள்வதை அதுதான் கேட்டுச் சொல்கிறதாம். நோட்டு கொண்டுபோன கண்டக்டருக்கே பொறுக்கவில்லை. வேடசந்தூர் போகும் வழியில் தன் பங்குக்கு ஒரு பக்கம் போட்டார். அதில் புயல்வேலன் ஆறாவது விரலை ஆட்டி மேகத்தை நிறுத்தினான். அந்த வாரமே வேடசந்தூரில் மழை கொட்டியது. பஸ்ஸுக்குள்தான் அதிகம் கொட்டியது என்று கண்டக்டர் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயம் சார். நத்தத்துல கோயில்பிச்சைன்னு ஒருத்தர். பிறவியிலேயே ஆறு விரல். கையைச் சட்டைப் பையை விட்டு வெளிய எடுக்கவே மாட்டார். நோட்டைப் பாத்துட்டு நாலாவது கூட்டத்துக்கு வந்தார். திரும்பிப் போறப்ப பஸ் டிக்கெட்டை அந்த விரல் இடுக்குல செருகிக்கிட்டுப் போனார். மறுவருஷம் அவர்தான் எங்க தலைவர்."

அன்றைக்கு மற்ற எல்லாருக்கும் தங்கள் கை பாதிக் கையாகத் தெரிந்ததாம். அமலோற்பவம் அம்மாவின் மெஷினில் இருபத்தொரு கையுறை தைத்தார், எல்லாம் ஆறு விரல். அதை மாட்டிக்கொண்டு அத்தனை பேரும் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் இடது கையால் தொங்கினார்கள். தெருவில் போனவர்கள் துணி காய்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். அந்த ஒரு விரலிலிருந்து எட்டரை நோட்டு நிரம்பியது. பதினொன்றாவதில் பாதி இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது.

தணிகாசலம் கேட்டார்.

"கடைசியில புயல்வேலன் மேல ஏறினானா இல்லையா?"

"எங்க ஏறுறது? யாராவது ஏத்தப் போனா அடுத்த ஆளு முதலையை மேல ஏத்திவிட்டுருவாங்க. இன்னும் தொங்குறான்."

ஆசான் தணிகாசலத்தின் கையை விலக்கி, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரலையும் வரைந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கத்தரியை எடுத்தார். வரைந்த கோட்டோடு தாளை வெட்டினார். கலைக்கப்படுகிறது என்ற வரி சுண்டுவிரல் பக்கமாகத் துண்டு துண்டாக விழுந்தது. வெட்டிய தாளைப் பச்சைத் துணியின் மேல் வைத்துத் துணியையும் வெட்டி மெஷினில் ஏற்றினார். தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு நூல்கண்டு தீரும் அளவுக்கு யோசித்தார்.

"அந்தக் கையை வரைஞ்சது யாருன்னு, கடைசி வரைக்கும் தெரியலையா?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"பேர் போடல. ஆனா மலைக்குப் பக்கத்துல வடக்குக் குறி போட்டிருந்தது. அதுக்குக் கீழ, அளவு ஒன்றுக்கு ஆயிரம்னு எழுதியிருந்தது."

தணிகாசலம் தரையைப் பார்த்தார். தரையில் அவருடைய கையெழுத்து ஒரு துண்டாகக் கிடந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"கோயில்பிச்சை வருஷா வருஷம் உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வருவார். நீங்க ஸ்கேலும் கையுமா குனிஞ்சிருப்பீங்களாம். வேலை நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு திரும்பிருவார்."

தையல் முடிந்தது. ஆசான் பல்லால் நூலைக் கடித்துவிட்டுக் கையுறையை நீட்டினார். தணிகாசலம் எண்ணிப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். ஐந்து விரல்களும் அளவு எடுத்தாற்போலப் பொருந்தின. ஆறாவது வெறும் பையாகத் துவண்டு தொங்கியது. அதை வலது கையால் நிமிர்த்தினார். விட்டதும் மறுபடி துவண்டது.

"ஆசான், இது நிக்க மாட்டேங்குதே. மத்தவங்க எல்லாம் இதுக்குள்ள என்ன வச்சாங்க?"

"பஞ்சு."

ஆசான் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேஜைமேல் அவர் பக்கமாக உருட்டிவிட்டார்.

"நீங்க இதை வச்சுக்குங்க, சார்."